பைக்கால் ஏரி: "அவ்வளவு பெரிய ஏரிக்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்பவர்களுக்காக

ஜெலுத்தோங்_ராஜன் எழுதியது:

நம் மன்றத்தில் தண்ணீர்த் தடை பற்றிய உரையாடல் இழையில் ஒருவர், "ரஷ்யாவில் பைக்கால் என்று ஓர் ஏரி இருக்கிறது, உலகத்து நல்ல தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு அதில்தான், நமக்கு அப்படி ஒன்று இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்று போட்டிருந்தார். பதில் எழுதப் போனால் நீண்டுகொண்டே போனது. எல்லாரும் பைப்பில் எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் நான் சைபீரியாவைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள், அதனால் இங்கே தனியாகத் திறக்கிறேன்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். உறைந்து கிடக்கும் பனியையும் நிலத்தடி நீரையும் விட்டுவிட்டால், பூமியின் மேற்பரப்பில் இருக்கும் நன்னீரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமே பைக்காலில் இருக்கிறது. நீளம் 636 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வந்து திரும்பிப் போகிற தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. அகலம் அதிகபட்சம் 79 கிலோமீட்டர். ஆனால் பரப்பளவை வைத்து இதை அளந்தால் விஷயம் பிடிபடாது, ஏனென்றால் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியும் ஆப்பிரிக்காவின் விக்டோரியாவும் பரப்பில் இதைவிடப் பெரியவை. பைக்காலின் கணக்கு ஆழத்தில் இருக்கிறது: 1,642 மீட்டர். நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை அடுக்கினாலும் நுனி வெளியே தெரியாது. நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 456 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடித்தளமோ கடல்மட்டத்துக்குக் கீழே 1,186 மீட்டரில். அந்த அடித்தளத்துக்கும் கீழே பல கிலோமீட்டர் கனத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது, அதுதான் ஏரியின் வயதைச் சொல்கிறது: இரண்டரைக் கோடி ஆண்டு, மூன்று கோடி என்றும் சொல்வார்கள்.

வயது ஏன் முக்கியம் என்றால், உலகத்தில் பெரும்பாலான ஏரிகள் நேற்றுப் பிறந்தவை. கனடாவிலும் பின்லாந்திலும் இருக்கிற ஆயிரக்கணக்கான ஏரிகள் பனியுகம் முடிந்தபோது தோண்டப்பட்டவை, பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டில் வண்டல் சேர்ந்து மெல்லத் தூர்ந்துகொண்டு வருகின்றன. பைக்கால் தூர்ந்துபோகாததற்குக் காரணம், அது நிற்கும் நிலமே இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது, வண்டல் சேரச் சேரத் தரை இறங்கிக்கொண்டே போகிறது. அத்தனை காலம் ஒரே இடத்தில் தண்ணீர் நின்றதால் அங்கே வேறெங்கும் இல்லாத உயிர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகிவிட்டன.

முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் உள்ளே வருகின்றன. வெளியே போவது ஒன்றே ஒன்று, அங்காரா. ஒரு துளி உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, "பெரிய ஏரி, எல்லாம் தாங்கும்" என்று சொல்லிப் பாருங்கள்.

---

செந்தூல்_பையன் எழுதியது:

அந்தப் பதிவைப் போட்டது நான்தான் அண்ணே, சுற்றி வளைக்க வேண்டாம் 😄

என் கேள்வி நேரானது. 23,000 கன கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு தொழிற்சாலை என்ன ஊற்றினாலும் எத்தனை பங்கு வரும்? கோடியில் ஒன்று? சுங்கை சிலாங்கூர் மாதிரி ஒரு சின்ன ஆற்றில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவை ஊற்றினால் 2020 செப்டம்பரில் நடந்தது போலப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நிற்கும், நானும் வாளியோடு லாரிக்குக் காத்து நின்றவன்தான். ஆனால் பைக்கால் கதை வேறு இல்லையா? சுற்றுச்சூழல்காரர்கள் எதற்கெடுத்தாலும் அழிந்துவிட்டது அழிந்துவிட்டது என்றால் யாருக்கும் காது கேட்காது லா.

---

மீன்தொட்டி_மணி எழுதியது:

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து. நான் வீட்டில் தங்கனிக்கா ஏரி சிக்லிட் மீன்கள் வைத்திருக்கிறேன், அதனால் பழைய ஏரி என்றால் எனக்குக் கொஞ்சம் ஈடுபாடு. தங்கனிக்காவும் இதே மாதிரி நிலம் பிளந்து உண்டானதுதான், ஆழம் 1,470 மீட்டர், பைக்காலுக்கு அடுத்த இடம். ஆனால் அங்கே மேலே இருக்கும் நூறு இருநூறு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. மீன் கிடையாது, நத்தை கிடையாது, முக்கால்வாசித் தண்ணீரும் உயிரில்லாமல் கிடக்கிறது. வெப்பமண்டலம், மேலே இருப்பது எப்போதும் சூடு, கீழே இருப்பதோடு கலக்கவே கலக்காது.

பைக்காலிலும் அப்படியா? கீழே ஒன்றும் இல்லையென்றால் இரண்டரைக் கோடி ஆண்டு உயிர்கள் எல்லாம் மேல்தட்டில் மட்டும்தானா? அங்கே வளர்க்கிற மாதிரி மீன் ஏதும் உண்டா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. (தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கக் காசில்லை, சும்மா கேட்கிறேன்.)

---

கவிதா_டீச்சர் எழுதியது:

மணி, நல்ல கேள்வி. பைக்காலில் ஆக்சிஜன் அடிமட்டம் வரைக்கும் இருக்கிறது. அந்த ஆழத்தில் அப்படி இருப்பது அதன் பெரிய அதிசயம், படம் எடுத்துப் போடுகிறவர்கள் கண்ணில் படாத அதிசயம்.

குளிர்தான் காரணம். நன்னீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும், அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகும். ஆழம் கூடக்கூட அழுத்தத்தால் இந்த 4 டிகிரி என்பதும் இறங்கிக்கொண்டே போகும். அதனால் இலையுதிர்காலக் கடைசியிலும் பனி உருகும் சமயத்திலும் மேலே இருக்கும் குளிர்ந்த நீரைக் காற்று கொஞ்சம் அழுத்திக் கீழே தள்ளிவிட்டால் போதும், ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தானாகவே அடி வரைக்கும் விழும், விழும்போது ஆக்சிஜனையும் கூடவே கொண்டுபோகும். அங்கே வீசும் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு, சர்மா, பர்குசின், குல்துக் என்று. சர்மா என்றால் மீனவர்களுக்கு இன்றும் பயம்.

ஆக, அடியிலும் உயிர் உண்டு. ஆம்ஃபிபாட் எனும் இறால் சாயல் கொண்ட உயிரிகளில் மட்டும் 350 வகைபோல அங்கே இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே அந்த ஏரிக்கே உரியவை. 1990-ல் வடக்கே ஃப்ரோலிகா குடாவில் சுமார் 400 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றையும் அதைச் சுற்றி வாழும் உயிர்க்கூட்டத்தையும் கண்டுபிடித்தார்கள், நன்னீர் ஏரியில் அது பெரிய செய்தி.

மீன் என்றால் கோலோமியாங்கா. ஒரு சாண் நீளம், ரோஜா நிறம் கலந்த கண்ணாடி உடம்பு, செதில் இல்லை, காற்றுப்பையும் இல்லை. இரண்டு வகை, பெரிய வகையின் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு, அதை வைத்துத்தான் மிதக்கிறது. மேலிருந்து அடிவரை எந்த ஆழத்திலும் இருக்கும். முட்டையிடாது, குஞ்சு போடும், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில். ஏரியில் இருக்கும் மீன்களில் எடைக்கணக்கில் இதுதான் அதிகம், ஆனால் கூட்டமாகச் சேராது என்பதால் வலை போட்டுப் பிடித்து விற்க முடியாது, மனிதனிடமிருந்து தப்பித்தது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். தொட்டிக்கு ஆகாது மணி, மறந்துவிடுங்கள்.

இன்னொன்று எபிஷுரா. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓட்டுயிரி. கோடானுகோடி எண்ணிக்கையில் இருந்து தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்றுகொண்டே இருக்கிறது. 40 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிற தெளிவு என்கிறார்களே, அதில் பாதிப் பெருமை இதற்குப் போக வேண்டும். குளிர்ந்த தண்ணீர்தான் இதற்கு ஒத்துக்கொள்ளும், சூடு கூடினால் திணறும். இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நிலம் இறங்குவதைப் பற்றி ராஜன் சொன்னதற்கு ஓர் உதாரணம்: 1862-ல் ஒரு நிலநடுக்கத்தில் செலெங்கா ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய புல்வெளி 200 சதுர கிலோமீட்டர் அளவுக்கு அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. பினாங்குத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு! இப்போது அது புரோவல் என்ற குடா.

---

ஜெலுத்தோங்_ராஜன் எழுதியது:

டீச்சர் வந்துவிட்டார், இனி இழை உருப்படும்.

செந்தூல் தம்பிக்கு. உங்கள் வகுத்தல் கணக்கில் பிழை இல்லை, ஆனால் ஒரு தொழிற்சாலை ஊற்றுவது 23,000 கன கிலோமீட்டரிலும் சமமாகப் போய்க் கலப்பதாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அது கரையில் ஊற்றப்படுகிறது, கரையிலேயே கொஞ்ச காலம் நிற்கிறது. பைக்காலின் கரை ரொம்பச் செங்குத்து, ஆழமில்லாத பகுதி என்பது பல இடங்களில் மெல்லிய பட்டைதான். ஏரிக்கே உரிய உயிர்களில் பெரும்பங்கு அந்தப் பட்டையில்தான் வாழ்கின்றன: நத்தைகள், தட்டைப்புழுக்கள், ஆம்ஃபிபாட், எல்லாவற்றுக்கும் மேல் பஞ்சுயிரிகள்.

பஞ்சுயிரி என்றதும் குளியலறைச் சாமான் நினைவு வேண்டாம். லுபொமிர்ஸ்கியா என்ற வகை கடலடியில் இருக்கும் பவளம் போலக் கிளைவிட்டு ஒரு மீட்டர் உயரம் வரை வளரும், உடம்புக்குள் பாசியைக் குடிவைத்திருப்பதால் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம், தண்ணீரை வடிகட்டும் வேலை அதுவும் செய்கிறது. 2010-க்குப் பிறகு முக்குளிப்பவர்கள் பார்க்கத் தொடங்கியது என்னவென்றால், இந்தப் பஞ்சுயிரிகள் வெளுக்கின்றன, பழுப்பாகின்றன, மேலே ஊதா நிறத்தில் படலம் படிகிறது, அழுகி விழுகின்றன. ஓர் இடத்தில் அல்ல, ஏரியின் பல மூலைகளில். எந்த ஒரு கிருமியையும் பிடித்து இதுதான் குற்றவாளி என்று முடிவாகக் காட்டவில்லை.

அதே காலத்தில் ஸ்பைரோகைரா. இழை இழையாக வளரும் பச்சைப் பாசி. லிஸ்ட்வியாங்கா, ஸ்லியுத்யாங்கா, வடகோடியில் செவெரோபைக்கால்ஸ்க், இந்த ஊர்களுக்கு எதிரே தரையை மூடி வளர்ந்தது, புயலுக்குப் பிறகு கரையில் டன் கணக்கில் ஒதுங்கி நாறியது. பைக்காலின் ஆழமற்ற பகுதியில் இப்படிப் பெரிய அளவில் முன்பு இருந்ததில்லை. எதனால்? பெரிய தொழிற்சாலை ஏதும் இல்லாத இடங்கள் இவை. கரையோர வீடுகள், விடுதிகள், அவற்றின் செப்டிக் குழிகள், சோப்புத்தூள் பாஸ்பேட், சரியாக வேலை செய்யாத சுத்திகரிப்பு நிலையங்கள். குழியில் இறங்கும் கழிவு நிலத்தடி நீரோடு சேர்ந்து கரையோரத் தண்ணீரில் ஊறி வெளிவருகிறது. நடு ஏரியில் போய்த் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தால் இன்றைக்கும் உலகத்தின் மிகச் சுத்தமான தண்ணீர்தான். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் கரையில் இன்னும் இரண்டு விடுதிக்கு அனுமதி கொடுக்கிறார்கள். உங்களுடைய கோடியில் ஒன்று வாதத்தை அங்கேயும் சொல்ல ஆள் இருக்கிறது, தம்பி.

---

மீன்தொட்டி_மணி எழுதியது:

ஐயோ, ஸ்பைரோகைராவா! தொட்டி வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். ஓர் இழை செடியோடு வந்துவிட்டால் போதும், கையால் உருவி எடுத்தாலும் போகாது. உரம் கூடினாலும் வெளிச்சம் கூடினாலும் அதுதான் முதலில் வரும். தொட்டியில் என்றால் நான் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடலாம்.

அது சரி, பஞ்சுயிரி சாகிறதும் பாசி வளர்கிறதும் ஒன்றுக்கொன்று காரணமா, இல்லை இரண்டும் தனித்தனியா?

---

ஜெலுத்தோங்_ராஜன் எழுதியது:

ஒரே காலம், பல இடங்களில் ஒரே கரை. ஆனால் ஊர்களே இல்லாத பகுதியிலும் பஞ்சுயிரி சாகிறது, அங்கே கழிவைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் சூடாவதும் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் பேசுகிறார்கள். ஒற்றைக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை மணி.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி எழுதியது:

நான் போயிருக்கிறேன். மார்ச் தொடக்கத்தில், ஓல்கோன் தீவுக்கு. அதனால் கொஞ்சம் தரையிலிருந்து சொல்கிறேன், பனிக்கட்டியிலிருந்து என்றும் சொல்லலாம்.

ஜனவரியிலிருந்து மே வரை ஏரி உறைந்திருக்கும். ஒரு மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி, சில இடத்தில் இன்னும் அதிகம். கரையிலிருந்து தீவுக்குப் பனிமேல் அரசாங்கமே பாதை குறித்துக் கொடுக்கிறது, அடையாளப் பலகை எல்லாம் உண்டு, பஸ் போகிறது. கீழே கறுப்பாகத் தெரிவது தண்ணீர் என்று உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, உறைத்த பிறகு பேச்சு நின்றுவிட்டது. பனிக்கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாக அடுக்கி நிற்பவை அடியிலிருந்து எழும் மீத்தேன் குமிழ்கள். ராத்திரியில் பனி விரிசல் விடும் சத்தம் வெடிச்சத்தம் மாதிரி இருக்கும். நம் ஊர் மனிதனுக்கு அந்தக் குளிரில் போன் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

தீவில் குஜிர் என்று ஒரு கிராமம். அங்கே மின்சாரக் கம்பி வந்ததே 2005-ல்தான். இப்போது எங்கே பார்த்தாலும் விடுதி, புதுப் பலகை வாசனை போகாத மரவீடுகள். பக்கத்தில் புர்கான் முனை என்ற பாறை, அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான புரியாத் மக்களுக்கு அது புனிதமான இடம், முன்னே வரிசையாகக் கம்பங்கள் நட்டு வண்ணத் துணி கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் காரை வட்டமடித்து வீடியோ எடுக்கிற கூட்டமும் உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் யாராவது காவடிக்கு நடுவே மோட்டார் சைக்கிள் வித்தை காட்டினால் நாம் விடுவோமா?

தங்கிய விடுதியில் கழிவு எங்கே போகிறது என்று கேட்டேன். தொட்டியில் சேரும், லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் என்றார்கள். லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றும் என்று கேட்டதற்குச் சிரிப்புத்தான் பதில். ராஜன் அண்ணன் சொன்னதைப் படித்ததும் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. நானும் அங்கே போய்க் குளித்து, சாப்பிட்டு, துணி துவைத்தவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

செந்தூல்_பையன் எழுதியது:

சரி, கரை பலவீனம், நடு ஏரி பலம், அது புரிகிறது. ஆனால் பெரிய வில்லனாக ஒரு காகித ஆலையைச் சொல்வார்களே, அதை மூடிவிட்டார்கள்தானே? அப்படியென்றால் நிலைமை முன்பைவிட நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? அதோடு அங்கே இருக்கிற மனிதர்களும் பிழைக்க வேண்டும். ஆலையும் கூடாது, விடுதியும் கூடாது, மீனும் பிடிக்கக் கூடாது என்றால் சைபீரியாவில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? தோட்டத்தை மூடிக் கொண்டோமினியம் கட்டியபோது நம் ஆட்களை எவன் கேட்டான்? அங்கேயும் அதே கதைதான் நடக்கும்.

---

கவிதா_டீச்சர் எழுதியது:

தம்பி கேட்டதில் கடைசி வரி எனக்கும் உறுத்துகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்கரையில் பைக்கால்ஸ்க் என்ற ஊரே அந்த ஆலைக்காக உண்டாக்கப்பட்டது. ஆலை 1966-ல் ஓட ஆரம்பித்தது, குளோரின் போட்டுக் கூழை வெளுக்கும் முறை, கழிவு நேராக ஏரிக்கு. சோவியத் காலத்தில் அரசாங்கத் திட்டத்தை வெளிப்படையாக எதிர்ப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துக்கொள்ளுங்கள், அப்போதே விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் இந்த ஆலையை எதிர்த்தார்கள். ரஷ்யாவில் சுற்றுச்சூழல் பேச்சு என்பது பெருமளவுக்கு அங்கேதான் தொடங்கியது. 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏரி சேர்ந்தது, அப்போதும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. 2008-ல் நின்றது, 2010-ல் அரசாங்கம் விதியைத் தளர்த்தி மறுபடி ஓட விட்டது, 2013-ல்தான் முழுதாக மூடினார்கள்.

மூடிவிட்டதால் நல்லதாகிவிட்டதா என்றால், ஆலை விட்டுப் போனது இன்னும் அங்கேயே இருக்கிறது. மரத்தைக் கூழாக்கியதில் மிஞ்சிய லிக்னின் சேறு, 60 லட்சம் டன்னுக்கு மேல், ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் திறந்த குழிகளில். குழிகளுக்குப் பின்னால் கமார்-தபான் மலை. அந்தச் சரிவுகளில் பெருமழை பெய்தால் சேறும் பாறையும் சேர்ந்து வெள்ளமாக இறங்கும், முன்பு இறங்கியும் இருக்கிறது. கேமரன் மலைப் பக்கம் சேற்று வெள்ளம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் குழி நிரம்பி வழியும் நிலைக்கு வந்து, அவசரமாகத் தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து மட்டத்தை இறக்கிய சந்தர்ப்பங்கள் உண்டு. சேற்றை என்ன செய்வது என்று திட்டமும் ஒப்பந்தக்காரரும் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறார்கள்.

வேலை போன ஊருக்கு மாற்றாகச் சுற்றுலா வரும் என்றார்கள். வந்தது. பனிச்சறுக்கு மையமும் விடுதியும் வந்தன, அவற்றின் கழிவு இப்போது வேறு பிரச்சினை. ஆலைத் தொழிலாளிக்கு அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்காமல் ஏரியைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தவர்களை நானும் நம்பவில்லை.

---

வேலன்_கெடா எழுதியது:

எல்லாரும் கரையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆற்றை மறந்துவிட்டீர்கள். செலெங்கா!

பைக்காலுக்கு வரும் ஆற்றுநீரில் பாதி அந்த ஒரே ஆற்றில் வருகிறது. அது ரஷ்யாவில் பிறக்கவில்லை, மங்கோலியாவில் பிறக்கிறது. அங்கே கிளையாறுகளில் தங்கம் தோண்டுகிறார்கள், எல்லை தாண்டியதும் ஜிதா ஆற்றுப் பக்கம் சோவியத் காலத்து டங்ஸ்டன் சுரங்கக் கழிவு, அப்புறம் உலான்-உடே நகரத்துச் சாக்கடை, இத்தனையும் சேர்ந்துதான் ஏரிக்கு வருகிறது. நடுவே ஒரு பெரிய முகத்துவாரச் சதுப்பு நிலம் இருக்கிறது, நாணலும் வண்டலும் நிறையப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, லட்சக்கணக்கான பறவைகள் வலசை வந்து தங்குகின்றன, முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சாரில் 1994-லிருந்து உள்ள இடம். நம் பகாங் மாநிலத்துத் தாசேக் பெரா ஏரியும் அதே ஆண்டில்தான் அந்தப் பட்டியலுக்குப் போனது.

இப்போது மங்கோலியா செலெங்காவிலும் அதன் கிளையான ஏகின் ஆற்றிலும் அணை கட்டி மின்சாரம் எடுக்க வேண்டும் என்று நீண்ட நாளாகக் கேட்கிறது. ரஷ்யா கூடாது என்கிறது. மங்கோலியாக்காரன் சொல்வதையும் கேளுங்கள்: தலைநகர் உலான்பாத்தரில் குளிர்காலத்தில் நிலக்கரிப் புகையில் குழந்தைகளுக்கு மூச்சுவிட முடியவில்லை, மின்சாரம் போதாமல் ரஷ்யாவிடமே விலைக்கு வாங்குகிறோம், நீங்கள் மட்டும் அங்காராவில் இர்குட்ஸ்க், பிராட்ஸ்க், உஸ்த்-இலிம்ஸ்க், பொகுசானி என்று வரிசையாக நான்கு அணை கட்டிக்கொண்டீர்களே?

பினாங்குக்காரர்களுக்கு இது புரிய வேண்டும். உங்கள் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, அந்த ஆற்றின் தலை எங்கள் ஊலு மூடா காட்டில். மரம் வெட்டாதே என்று எங்களிடம் சொல்கிறீர்கள், வெட்டாமல் இருந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் இயற்கை எல்லாருக்கும் பொது என்கிறீர்கள் 😏

---

ஜெலுத்தோங்_ராஜன் எழுதியது:

வேலன், காட்டை வெட்டினால் முதலில் காய்வது உங்கள் நெல் வயல்தான், பினாங்கு அப்புறம்.

ஆனால் அங்காரா அணை பற்றிச் சொன்னது முக்கியம். 1950-களில் இர்குட்ஸ்க் அணை கட்டியதும் பைக்காலின் மட்டமே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டது. அதாவது இப்போது இந்த இயற்கை ஏரி ஒரு மின் நிலையத்துக்கு நீர்த்தேக்கமாகவும் வேலை செய்கிறது. 456-க்கும் 457 மீட்டருக்கும் இடையில் மட்டம் நிற்க வேண்டும் என்று 2001-ல் விதி போட்டார்கள், 2014-15-ல் மழை குறைந்து மட்டம் இறங்கியதும் விதியைத் தளர்த்திக்கொண்டார்கள். ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். வடக்கே யார்க்கி என்ற நீண்ட மணல் தீவு அந்த ஒரு மீட்டரால் அரித்துக்கொண்டே போகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆழமற்ற வெதுவெதுப்பான தண்ணீரில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன.

---

இழைக்_காவலர் எழுதியது:

கெடா, பினாங்குத் தண்ணீர்க் கட்டணச் சண்டைக்கு ஏற்கெனவே இழை இருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளவும். இங்கே பைக்கால்.

---

கவிதா_டீச்சர் எழுதியது:

சூடு பற்றி யாரும் தொடவில்லை. எனக்கு இந்த ஏரிக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

மிகயில் கொஜோவ் என்று இர்குட்ஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1945-ல், போர் முடிந்த ஆண்டில், பொல்ஷியே கோத்தி என்ற கிராமத்துக்கு எதிரே படகில் போய்த் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தார். வாரம் பத்து நாளைக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், மேலிருந்து 250 மீட்டர் ஆழம் வரை பல மட்டங்களில். குளிர்காலத்தில் பனியில் ஓட்டை போட்டு. அவருக்குப் பிறகு மகள் ஓல்கா கொஜோவா, அவருக்குப் பிறகு பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியெவா. ஸ்டாலின் போனார், சோவியத்தே போனது, தண்ணீர் எடுப்பது மட்டும் நிற்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து பேத்தி 2008-ல் அந்த அறுபது ஆண்டுக் கணக்கை வெளியிட்டார். 1946-லிருந்து மேல்நீரின் வெப்பம் 1.21 டிகிரி ஏறியிருந்தது, பாசியின் அளவைக் காட்டும் குளோரோபில் 1979-லிருந்து மிக வேகமாகக் கூடியிருந்தது, வெதுவெதுப்பை விரும்பும் வேறு சிறு ஓட்டுயிரிகள், உலகத்தில் எந்தக் குளத்திலும் கிடைக்கிறவை, மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தன. அதாவது எபிஷுராவின் இடத்தில் சாதாரணக் குளத்து உயிர்கள் நுழைகின்றன. இவ்வளவு பெரிய குளிர்ந்த ஏரி சூடாவதற்கு நெடுங்காலம் ஆகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

பனியும் சுருங்குகிறது. லிஸ்ட்வியாங்காவில் 1869-லிருந்து உறையும் நாளையும் உருகும் நாளையும் எழுதி வைத்திருக்கிறார்கள், பனியில்லாக் காலம் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி நடந்த அந்தக் கண்ணாடிப் பனி வழியாக வெளிச்சம் உள்ளே போவதால்தான் டயாட்டம் பாசி பனிக்கு அடியிலேயே வசந்தத்தில் பெருகுகிறது, ஆண்டு முழுவதற்குமான சாப்பாட்டின் அஸ்திவாரம் அங்கே போடப்படுகிறது. பனி நேரத்துக்கு வராவிட்டால் அதுவும் குலையும்.

---

மீன்தொட்டி_மணி எழுதியது:

சீல் இருக்கிறது என்கிறார்களே, ஒருத்தரும் சொல்லவில்லை. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறாள்.

---

கவிதா_டீச்சர் எழுதியது:

மகளுக்குச் சொல்லுங்கள்: பெயர் நெர்பா. நன்னீரில் மட்டுமே வாழும் சீல் இனம் உலகத்திலேயே இது ஒன்றுதான். ஆர்க்டிக் கடல் சீலின் உறவு, அந்தக் கடல் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, எப்படி வந்து சேர்ந்தது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, ஆறுகள் வழியாக வந்திருக்கலாம் என்பார்கள். கண் பெரிதாக, கறுப்பாக இருக்கும். முக்கியச் சாப்பாடு நான் முன்பு சொன்ன கோலோமியாங்கா. பெண் சீல்கள் ஐம்பது வயதுக்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன. குட்டியைப் பனிக்கட்டிமேல் பனித்தூளுக்குள் குகை மாதிரி செய்து அதற்குள் போடும், வசந்தம் சீக்கிரம் சூடானால் குகைக் கூரை உருகிக் குட்டி வெளியே தெரிந்துவிடும், காகத்துக்கும் குளிருக்கும் தப்பாது.

எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், அதனால் உடனே அழிகிற நிலை இல்லை. ஆனால் 1987-88-ல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி பரவி ஆயிரக்கணக்கில் செத்தன. சீலின் கொழுப்பில் டிடிடி, பிசிபி போன்ற நஞ்சுகள் சேர்ந்திருப்பதையும் கண்டார்கள். செந்தூல் தம்பி, உங்கள் கோடியில் ஒன்று இங்கே வந்து நிற்கிறது: தண்ணீரில் அளக்கவே சிரமமான அளவு, பாசியில் கொஞ்சம், எபிஷுராவில் கொஞ்சம் கூட, கொழுப்பு நிறைந்த கோலோமியாங்காவில் இன்னும் கூட, ஐம்பது ஆண்டு அதைத் தின்கிற சீலில் மொத்தமும்.

---

செந்தூல்_பையன் எழுதியது:

டீச்சர் விடமாட்டார் போல 😅 சீலுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த ஏரி பிளந்துகொண்டே போகிறது, மனிதன் போன பிறகும் அது இருக்கும்.

---

ஜெலுத்தோங்_ராஜன் எழுதியது:

பள்ளம் இருக்கும், தண்ணீரும் இருக்கும். உள்ளே எது இருக்கும் என்பதுதான் இங்கே பேச்சு.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_வாசி எழுதியது:

யாரோ தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். ஓமுல் மீன் சாப்பிடலாமா என்று கேட்டார்.

ஓமுல் பைக்காலுக்கே உரிய மீன், புகைபோட்டு லிஸ்ட்வியாங்கா சந்தையில் அடுக்கி வைத்திருப்பார்கள், வாசனை ஆளை இழுக்கும். அளவு மீறிப் பிடித்து எண்ணிக்கை சரிந்ததால் 2017 அக்டோபரிலிருந்து வணிக நோக்கில் பிடிக்கத் தடை. பூர்வகுடி மக்களுக்கு வரம்போடு அனுமதி உண்டு. ஆனாலும் சந்தையில் ஓமுல் என்ற பேரில் மீன் இருக்கும். சிலது வேறு ஏரியிலிருந்து வந்த வேறு மீன், சிலது ராத்திரியில் பிடித்தது, விற்கிற அம்மாவிடம் கேட்டால் எல்லாமே சட்டப்படிதான் என்பார். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அதனால் நான் வாங்கவில்லை. பக்கத்திலேயே புரியாத் கடைகளில் பூசி கிடைக்கும், ஆவியில் வேகவைத்த இறைச்சிக் கொழுக்கட்டை, உள்ளே சூடான சாறு ஊற்றும், சட்டையில் சிந்தாமல் தின்னப் பழக வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டிறைச்சி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்துதான் பெரும்பாலும் செய்வார்கள்.